வெளியாள் யாரும் வரவில்லை

ஜூன் 9, திங்கள்

வாலு,

போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் மாமா இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். எங்கள் வீடு உனக்குத் தெரியாததா? ஒரே அறை, நடுவில் நான் தைத்துப் போட்ட ஒரு திரைச்சீலை. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்திலிருந்து "என்ன?" என்று கேட்பார். அதனால் கடையில், சாப்பாட்டு நேரத்தில், தையல் மெஷின்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடு.

அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். வியாழக்கிழமை யூனிஃபார்மோடு கிளம்பிப் போன மனிதர் மத்தியானமே திரும்பி வந்தார். டிப்போவுக்கு யாரோ பேர் சொல்லாமல் போன் செய்து, "உங்க டிரைவர் தூக்க வியாதிக்கு டெஸ்ட் எடுத்திருக்கார். படுத்தா ரெண்டே நிமிஷத்துல தூங்கிடறார். அதை மறைச்சுட்டு இருக்கார்" என்று சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்க, டெஸ்ட் எடுத்தது நிஜம்தான் என்று இவரும் ஒப்புக்கொண்டாராம். விசாரணை முடியும்வரை வண்டி கிடையாது. மறைத்தது நிரூபணமானால் வேலையே கிடையாது.

அவர் உன்னுடைய க்ளினிக்குக்கு டெஸ்டுக்கு வந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும். "அவளுக்கும் டாக்டருக்கும் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கொழுந்தியாதானேன்னு நம்பிப் போனேன் பாரு" என்றார். அதற்குமேல் உன்னைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை. எனக்கு நீதான் என்றும் சொல்ல வாய் வரவில்லை, நீயாக இருக்காது என்றும் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்று. அவரோடு ஓடுகிற கண்டக்டர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். க்ளினிக்கில் உங்கள் அறைக் கம்ப்யூட்டருக்குள் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில்தான் போகிறீர்கள் என்று நீ சொல்லிச் சிரித்ததை நான்தான் வாய் தவறி உளறினேன். "அப்புறம் என்னம்மா? அந்த ரெண்டுக்கு முன்னாடி ஒரு ஒண்ணைப் போடச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் பன்னெண்டு நிமிஷம் ஆயிடும். யார் போட்டான்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். உன் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால்தான் நல்ல மனைவி என்று நினைப்பார்கள், அதனால் கேட்டுவிட்டேன். முடியாது என்று நீ எழுதினாலும் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

பகல் தூக்கத்தில்கூட "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று பயணிகளுக்குச் சொல்கிறவர், அவருக்கா இந்தக் கதி? மணி அடித்துவிட்டது. மெஷினில் உட்காரவேண்டும்.

அக்கா

*

ஜூன் 12, வியாழன்

அக்கா,

நான் சொல்லவில்லை. உன்னிடமே சொல்லாதவள் டிப்போவிடமா சொல்வேன்? மாமா எங்கள் க்ளினிக்குக்கு வந்தாரா இல்லையா என்பதைக்கூட இந்தக் கடிதத்தில் நான் எழுதமாட்டேன். வந்தார் என்று நீ சொல்கிறாய், நான் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான். சிரிக்காதே. வேலையில் சேர்ந்த அன்று டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இங்க தூங்குறவங்க உன்னை நம்பிக் கண்ணை மூடுறாங்க. வெளியில அவங்களைப் பாத்தா தெரியாத மாதிரி போக முடியுமா?" முடியும் என்றேன். கடைத்தெருவில் எத்தனையோ பேரை அப்படிக் கடந்து போயிருக்கிறேன். அவர்கள் தூக்கத்தில் யாருடைய பெயரைச் சொல்லி அழுதார்கள் என்பது எனக்குத் தெரியும். காய்கறிக் கடையில் பக்கத்தில் நின்று பேரம் பேசிவிட்டு வந்துவிடுவேன்.

என் வேலையை நீ எப்போதும் "தூங்குறவங்களுக்குக் காவல்" என்று கிண்டல் செய்வாய். காவல்தான். பட்டப்பகலில் ஒருவரைப் படுக்கவைத்து, தலையில் பேஸ்ட் தடவி ஒயர்களை ஒட்டி, நீ தைத்துக் கொடுத்த கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிடுவேன். வெளியே ஹாரனும் வெயிலுமாக இருக்கும், உள்ளே குளத்தடி மாதிரி ஆகிவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து மைக்கில் மெதுவாகச் சொல்வேன். "கண்ணை மூடிக்குங்க. தூக்கம் வந்தா தடுக்காதீங்க." ஸ்கிரீனில் கோடுகள் முதலில் படபடவென்று துடிக்கும். பிறகு ஒரு நேரத்தில் தளர்ந்து, நீளமாக, சோம்பலாக ஓட ஆரம்பிக்கும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்வேன். ஒரே நாளில் இப்படி ஐந்து முறை. சில சமயம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நானும் பாதி அங்கே போய்விடுவேன்.

குறித்த நேரத்துக்கு முன்னால் ஒரு ஒன்றைப் போடமாட்டேன். யாருக்கும் போடமாட்டேன். யார் போட்டார்கள் என்று தெரியாது என்பதால்தான் போடக்கூடாது. கண்டக்டரிடம் சொல், அவர் ஓடுகிற பஸ்ஸில்தான் அந்த ஒன்றும் ஏறி உட்காரும்.

இப்போது என் கதையைக் கேள். டிப்போவிலிருந்து க்ளினிக்குக்கு ஆள் வந்துவிட்டது. விஷயம் எங்களிடமிருந்துதான் கசிந்திருக்கிறது என்று விசாரணை. க்ளினிக்கின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். எதைப் பார்த்தாலும் "பூட்டிட்டுப் போங்க, பூட்டிட்டுப் போங்க" என்பதால் அவருக்குப் பூட்டு என்றே பெயர் வைத்திருக்கிறோம். அவர் முதல் நாளே எங்கள் கைக்கடிகார வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்.

அது என்ன வித்தை என்கிறாயா? ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் கம்ப்யூட்டர் தானே பூட்டிக்கொள்ளும். ஒருவர் கண்ணயரும்போது நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்போம். சரியாக அந்த நேரத்தில் அது பூட்டிக்கொண்டால் எப்படியிருக்கும்? அதனால் எங்களில் யாரோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் மல்லாக்கப் போட்டு, அதன் முகத்தின்மேல் மவுஸை உட்காரவைப்பது. அடியில் நொடிமுள் ஓடிக்கொண்டே இருப்பதால், யாரோ தன்னை அசைக்கிறார்கள் என்று மவுஸ் நினைத்துக்கொள்ளும். ஸ்கிரீன் பூட்டிக்கொள்ளவே கொள்ளாது. எல்லோரையும் தூங்கவைக்கிற அறையில் கம்ப்யூட்டரை மட்டும் தூங்கவிடுவதில்லை என்று சொல்லி நாங்களே சிரித்துக்கொள்வோம். பூட்டு சிரிக்கவில்லை.

ஸ்கிரீன் நாள் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது, யார் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. அறை என் பொறுப்பு. வரும் புதன்கிழமைக்குள் நான் எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் நானே சொன்னேன் என்றாகிவிடும், வேலை போய்விடும். நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். டாக்டரம்மா, எங்கள் ஆட்கள், டீ கொண்டுவருகிற அம்மா. டீ அம்மாவும் வாசலிலேயே தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். வெளியாள் யாரும் வரவில்லை என்றுதான் எழுதப்போகிறேன்.

மாமா என்னைத் திட்டாமல் இருக்கிறார் என்றாயே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

வாலு

*

ஜூன் 14, சனி

வாலு,

உன் கடிதம் வந்தது. நீ சொல்லவில்லை என்றால் சொல்லவில்லைதான். அதை நான் எப்போது சந்தேகப்பட்டேன்?

ஆனால் நீ எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடாதே. யாரும் வரவில்லை என்று எழுதினால் பழி உன் தலையில்தான் விழும். அந்த டீக்கார அம்மா இருக்கிறாளே, அவள் எட்டிப் பார்த்திருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? பார்த்தாள் என்று எழுதவேண்டாம். பார்த்திருக்கலாம் என்று. அவளுக்கு இந்த இடம் இல்லாவிட்டால் நாலு ஆபீஸ் இருக்கிறது. உனக்கு அப்படியா?

நான் வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதே. நான் என்ன, திரைச்சீலை மாட்டத்தானே வந்தேன். உன் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், போனேன். அதையும் இதையும் சேர்த்துக் குழப்புவானேன்?

உன் மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் வீட்டில் வைத்திருக்கிற துணி மூட்டைமேல் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறார். தெருவில் பஸ் போகும் சத்தம் கேட்டால் இது எந்த நம்பர் வண்டி என்று தானாகச் சொல்கிறார். நான் ஊசியில் நூலைக் கோக்க முடியாமல் திணறுகிறேன். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும்போல.

பதில் உடனே போடு.

அக்கா

*

ஜூன் 17, செவ்வாய்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒயர்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

நீ வந்ததை நான் மறந்தே போயிருந்தேன். பொய் இல்லை. யார் யார் வந்தார்கள் என்று விரல்விட்டு எண்ணியபோது உன் முகம் வரவேயில்லை. நீ எனக்கு வெளியாள் இல்லையே. பூட்டு வந்து "வெளியாட்களை உள்ளே விடுவீங்களா?" என்று கேட்டபோது, விடவே மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. நீ பை நிறையக் கறுப்புத் துணியோடு வந்தாய். உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவர் எழுந்ததும் மாட்டலாம் என்றேன். முந்தின நாள் டெஸ்டின் கணக்கு ஸ்கிரீனில் பாதி முடிந்தும் முடியாமலும் இருந்தது. உள்ளே இருந்தவருக்கு நெற்றி ஒயர் கழன்றுவிட்டது. "உக்காருக்கா, இதோ வந்துட்டேன்" என்று உன்னை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன். மவுஸுக்கு அடியில் என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது நீ சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாய். "இந்த இருட்டுல உனக்குத் தூக்கம் வரலியாடி?" என்று கேட்டாய். உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நினைத்தேன்.

பகல் தூக்கத்தில் ஒருவர் பேசியதைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே. உன் வீட்டில் பகலில் யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தைகளை நான்தான் டைப் செய்து குறிப்பில் வைத்தேன். பேசியவருக்கே அது தெரியாது. அதை நீ வேறு எங்கே படித்திருக்க முடியும்?

நீதான் டிப்போவுக்குப் போன் செய்தாய்.

எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபம் வருகிறது, அக்கா. மாமா என்னைச் சந்தேகப்படட்டும் என்று விட்டுவிட்டாய். அது போகட்டும், நான் உன் தங்கை, தாங்கிக்கொள்வேன். டீ அம்மா உனக்கு என்ன செய்தார்? அவர் பெயரை எழுதச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

கெடுவை அடுத்த புதன்வரை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். பூட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். கடிகாரத்தை எழுதுவேன், ஒரே பாஸ்வேர்டை எழுதுவேன், நீ வந்ததையும் எழுதுவேன். உன்னைத் திட்டி ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் உன்னை விட்டுவிட்டு எழுத முடியாது. அந்தத் தாள் யார் யார் கைக்கோ போகும், மாமா காதுக்கும் போகும். அதற்குள் நீயே அவரிடம் சொல்லிவிடு.

இன்னும் ஒன்று. இதை எழுதலாமா என்று இரண்டு முறை அடித்துவிட்டு எழுதுகிறேன். நான் சொல்லக்கூடாதது ஒன்று இருக்கிறது. ஆனால் உன் வீட்டுக்காரரிடம் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. கேள்.

வாலு

*

ஜூன் 21, சனி

ஆமாம், நான்தான். இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?

நீ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கோடு பார்க்கிறவள். நான் தினமும் விடிகாலையில் அவர் யூனிஃபார்முக்கு இஸ்திரி போடுகிறவள். அன்றைக்கு ஸ்கிரீனில் அவர் பெயரைப் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, இவர் எங்கே இங்கே என்று. அப்புறம் அந்த நேரங்களைப் படித்தேன். எனக்குக் கோடு புரியாது, எண் புரியும். இரண்டு நிமிடம். அவர் வண்டி டிப்போ வாசலைத் தாண்டி முதல் சிக்னலுக்கு வருவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் ஒரே கனவு. பஸ் தண்ணீர்மேல் போகிறது. சத்தமே இல்லை. ஜன்னலோரத்தில் ஒவ்வொருவராகத் தலை சாய்கிறார்கள், ஒருத்தி மடியில் குழந்தை தூங்குகிறது. ஜன்னல்களில் நான் தைத்த கறுப்புத் துணி ஆடுகிறது. அவர் முதுகு மட்டும் தெரிகிறது. கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் கண் மூடியிருக்குமோ என்று பயந்து கூப்பிடாமலே நிற்கிறேன். எழுந்து பார்த்தால் அவர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, "வரேன்" என்று கிளம்பிவிடுவார். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

ஏன் அவரிடமே கேட்கவில்லை என்பாய். கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். அவர் சொன்னால் நான் நம்பிவிடுவேன். அதுதான் பயம்.

உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்பாய். நீ வாயைத் திறக்கமாட்டாய் என்று தெரியும். அதுதானே உன் பெருமை. நாற்பது உயிர் அந்த வண்டியில் ஏறுகிறது, நீ அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு மைக்கில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாய். கடைத் தொலைபேசியில், வாயில் ஒரு துணியை வைத்துக்கொண்டு பேசினேன். நான் பேசியதால் அந்த நாற்பது பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இதில் நான் செய்த குற்றம் என்ன?

டீக்கார அம்மா விஷயத்தில் நான் எழுதியது தப்பு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பயம் வந்தால் மனுஷிக்குப் புத்தி எங்கெங்கோ போகிறது.

ஆனால் அவருக்குத் தெரியக்கூடாது. கட்டினவளே காட்டிக்கொடுத்தாள் என்று தெரிந்தால் அந்த மனிதர் உடைந்து போவார். நீ என் பெயரை எழுதினாயானால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை. நினைவில் வைத்துக்கொள்.

*

ஜூன் 25, புதன்

அக்கா,

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயர் இருக்கிறது. "என் அக்கா. நான்தான் உள்ளே விட்டேன், நான்தான் என் நாற்காலியில் உட்காரவைத்தேன், ஸ்கிரீனைப் பூட்டாமல் போனேன்" என்று இருக்கிறது. நகல் உனக்கு அனுப்பமாட்டேன். அது க்ளினிக்கின் தாள்.

பூட்டு நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்துவிட்டு, "அக்கான்னு எழுதாம விருந்தாளின்னு எழுதியிருக்கலாமே" என்றார். அவருக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. விருந்தாளி என்று எழுதினால் யார் என்று கேட்பார்கள், அப்போது பொய் சொல்லவேண்டி வரும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு என் அறைச் சாவியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் வேலைக்கு வரக்கூடாது, சம்பளம் கிடையாது. அதற்குப் பிறகு என்ன என்பதை அப்போது சொல்வார்களாம். எங்கள் அறையில் இப்போது ஆளுக்கொரு பாஸ்வேர்டு. மற்றவர்கள் என்மேல் கடுப்பாக இருக்கிறார்கள், எல்லோரும் செய்ததைத்தானே நீயும் செய்தாய், எதற்கு ஊரைக் கூட்டினாய் என்று.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன் பயம் தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் தூக்கம் போயிருக்கும். ஆனால் அன்றைக்கே என்னைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். "பாத்துட்டேன்டி, இப்ப என்ன செய்யப்போறே?" என்று கத்தியிருக்கலாம். நான் உன் கையைப் பிடித்து டாக்டரம்மா அறைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஒருவர் வண்டி ஓட்டலாமா கூடாதா என்பதைப் பார்த்துக்கொள்ள அங்கே அவர் இருக்கிறார், அதுதான் அவருக்கு வேலை. நீ ஒரு எண்ணைப் பார்த்தாய். அதற்கு அடுத்த பக்கம் ஒன்று இருந்தது. அதைப் படிக்காமல் எழுந்துவிட்டாய். பாதித் தாளைப் படித்துவிட்டு ஒருவர் தலையில் கல்லைப் போட்டுவிட்டாய், அக்கா.

நான் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன் என்று எழுதினாய். அந்த வரி என்னை விடமாட்டேன் என்கிறது. ஆனால் அந்த வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். தூங்கக் காரணம் இருந்தது. அதைத்தான் கேள் என்றேன். நீ கேட்கவில்லை.

இன்று மத்தியானம் வீட்டில் படுத்தேன். பகலில் நான் படுத்து எத்தனையோ வருடம் ஆகிறது. யாரோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "தடுக்காதீங்க" என்று சொன்ன மாதிரி இருந்தது. கனவில் நம் இரண்டு பேர் கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன, சின்ன வயதில் கிடந்ததுபோல. நீ உன் போர்வையில் பாதியை என்மேல் தூக்கிப் போட்டாய். எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. தங்கை இல்லை என்றால் இல்லை என்று வைத்துக்கொள். எனக்கு அக்கா இருக்கிறாள்.

வாலு

*

ஜூலை 2, புதன்

வாலு,

இப்போது போனிலேயே பேசலாம். ஆனாலும் எழுதத்தான் பிடித்திருக்கிறது. எழுதும்போது நீ குறுக்கே பேசுவதில்லை.

நீ தாளைக் கொடுப்பதற்கு முந்தின சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. இஸ்திரிப்பெட்டியை வைத்துக்கொண்டு, போடுவதற்குச் சட்டை இல்லாமல் நின்றேன். அப்படியே வாய் திறந்துகொண்டது. நான்தான் பேசிக்கொண்டே போனேன். கடைசியில் நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "அந்த ஒரு வாரம், எனக்குத் தெரியாம என்னதான் செஞ்சீங்க?"

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாராம். டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம்.

டெஸ்ட் முடிந்த அன்றே டாக்டரம்மா வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இரவில் மூச்சு அடைத்து அடைத்து வருவதால்தான் பகலில் அப்படித் தூங்குகிறார், காற்றை ஊதும் மெஷினின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும், அது வரப் பத்து நாளாகும் என்றாராம். இவர் அன்றைக்கே சொந்த வேலை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். மாஸ்க்கும் வந்து, மறு டெஸ்டும் முடிந்து, நல்ல தாளாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அதுவரை நான் பயப்படக்கூடாதென்று தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வேறு ஒருவர் ஓட்டுகிற வண்டியில், தன்னுடைய ரூட்டிலேயே, போய்ப் போய் வந்திருக்கிறார். விஷயம் வெளியான பிறகும் இதை என்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

"இத்தனை வருஷமா முன்னாடி ரோட்டைத்தான் பாத்தேன். பக்கத்துல பாத்ததே இல்ல. பாதி வழியில ஒரு குளம் இருக்கு தெரியுமா? வண்ணான்துறை மாதிரி படிக்கட்டு, ரெண்டு வாத்து. பாத்துக்கிட்டே இருப்பேன், தூங்கிடுவேன். கண்டக்டர் எழுப்பி விடுவார்" என்றார். நான் கண்ட கனவில் தண்ணீர்மேல் போன பஸ்ஸில், அவர் ஓட்டுகிற இடத்திலேயே இல்லை. ஜன்னலோரத்தில் தூங்கியவர்களில் ஒருவராக இருந்திருக்கிறார். நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் கேட்டார். "கொழுந்தியாவுக்கு இதெல்லாம் தெரியும். அன்னைக்குக் கிளம்புறப்ப நானே சொன்னேன். அவளை நான் சந்தேகப்பட்டேன்னு நீ எழுதினியே, அப்பக்கூடவா அவ சொல்லல?" சொல்லவில்லை என்றேன். அழுதார், வாலு. எனக்காக இல்லை, உனக்காக. டெஸ்ட் நடந்த தேதியையும் டாக்டரம்மா வண்டி ஓட்டாதே என்று சொன்ன தேதியையும் டிப்போவுக்கு அனுப்பலாம் என்று மறுநாளே க்ளினிக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. முடிவைப் போனில் சொல்வதாக அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "ஏன் என்கிட்ட கேக்கல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். உனக்கு எழுதிய பதிலை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. அவர் போன் எப்போதும் மேசைமேல் கிடக்கும், யார் கூப்பிட்டாலும் நான்தான் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்தபோது பாஸ்வேர்டு கேட்டது. கல்யாணமானதிலிருந்து இல்லாத ஒரு பூட்டு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வலித்தது. ஆனால் அநியாயம் என்று தோன்றவில்லை.

நேற்று மத்தியானம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்திருந்தார். குறட்டை இல்லை. இத்தனை வருடத்தில் அவர் மூச்சு அவ்வளவு சீராகப் போய் நான் கேட்டதேயில்லை. நான் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டு மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. டிப்போ மேனேஜர் என்று வந்தது.

பூட்டியிருந்தாலும் வருகிற போனை எடுக்கலாம், உனக்குத் தெரியும். கை போய்விட்டது. எங்கள் சோறு, உன் வேலை, எல்லாமே அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கையை இழுத்துக்கொண்டு அவர் காலைத் தொட்டு எழுப்பினேன். "உங்களுக்குப் போன்" என்றேன். என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினாலும் எல்லாம் கேட்கும். அதனால் மெஷினை மிதித்தேன். நூல்கூடக் கோக்காமல், துணிகூட வைக்காமல், கால் வலிக்க வலிக்க மிதித்தேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்தது. அவர் வந்து மெஷின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினார். என் பக்கத்தில், அந்தத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். அவராகவே எல்லாவற்றையும் சொன்னார்.

என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்காதே, வாலு. அதை அவர்தான் உனக்குச் சொல்லவேண்டும்.

அக்கா